வெள்ளவத்தை வாய்க்காலில் விழுந்த தொப்பி

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால். கொட்டாஞ்சேனையில் எங்கள் வாரப்பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஆசிரியரின் மேசைமேல் இருந்த வெள்ளைத் தொப்பி. பக்கத்தில் அதன் சொந்தக்காரரான வெள்ளவத்தைப் பிரக்கிராசி, அதாவது வக்கீல் ஐயா, உட்கார்ந்திருந்தார். எங்கள் மூன்றாம் பக்கம் நிரம்புவது அவர் தரும் கோர்ட்டு ஏல அறிவித்தல்களால்தான்.

நான் தகுதிகாண் காலத்துச் சப்-எடிட்டர். அந்த வாரம் நிரந்தரமாக வேண்டும். எழுதியதில் பிழை என்று பத்திரிகை ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். புதிர்ப் பகுதி என்னுடையது.

முந்திய வாரப் புதிர் இது: ஒருவர் வாய்க்காலில் நீரோட்டத்தை எதிர்த்துத் தோணி வலிக்கிறார். பாலத்தடியில் தொப்பி விழுந்து மிதந்து போகிறது. பத்து நிமிடம் கழித்தே கவனிக்கிறார். உடனே திரும்பி அதே வலுவோடு வலிக்கிறார். தொப்பியை எட்ட எத்தனை நிமிடம்? நான் கொடுத்த விடை பத்து.

"நீரோ கணக்குப் போட்ட ஆள்?" என்றார் பிரக்கிராசி. "திரும்பி வரேக்க தண்ணி தள்ளுமெல்லே? பத்திலும் குறையத்தானே வரும்?"

"தண்ணி தொப்பியையும் தள்ளிக்கொண்டு போகுமே ஐயா."

"தொப்பிக்கு ஆர் துடுப்புப் போட்டது?"

"சரி ஐயா, ஓடுற ரயில்ல குடையை சீட்டில வைச்சிட்டுப் பத்தடி நடக்கிறியள். திரும்பி வர எத்தனை அடி?"

"நான் செகண்ட் கிளாஸ். அங்க நடக்க இடமில்லை."

ஆசிரியர் தலையாட்டினார். வாதம் அவருக்குப் பிடித்திருந்தது. என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், "தம்பி, எப்பிடி எழுதினால் ஐயாவின்ர விடை சரிவரும்?" என்று கேட்டார்.

"தொப்பி போகாமல் பாலத்திலயே மாட்டி நிண்டால் வரும்."

"அப்ப மாட்டிவிடும்."

எந்தக் கணக்கிலும் ஏதாவது ஒன்றை அசையாததாக வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது மூன்றாம் பக்கம்.

அடுத்த இதழில் திருத்தம் வந்தது: 'சென்ற வாரப் புதிரில் "மிதந்து போகிறது" என்பது அச்சுப்பிழை. "பாலத்தில் மாட்டிக்கொள்கிறது" என வாசிக்கவும். விடை பத்திலும் குறைவு.' பிரக்கிராசி இரண்டு பிரதி கூடுதலாக வாங்கினார். நான் நிரந்தரமானேன்.

அச்சுக்கோப்பவர் சிவலிங்கத்துக்கு அரைநாள் சம்பளம் வெட்டினார்கள்.