பர்மிட் தாட்சாயிணி

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் தாட்சாயிணி நாற்காலியில் உட்காருவதில்லை. நின்றபடியே சுவர்க் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பாள். அதைக் கசக்காமல் நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் செருகுவாள். பிறகு பதிவேட்டைத் திறந்து இந்த வாரம் யார் ‘சாகிறார்’ என்று பார்ப்பாள். பார்த்ததும் ஜன்னல் வழியாக எதிரே உள்ள ஷெட்டுக்குக் குரல் கொடுப்பாள்.

“பரந்தாமண்ணே! வெள்ளிக்கெழம நீ சாவுற. ரெண்டு போட்டோ எடுத்துகினு வந்துடு!”

ஷெட்டில் சிரிப்பு கிளம்பும். புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் ஒரு கணம் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். சாகப்போவது ஆளல்ல, ஆளுடைய கெடு முடிகிற பர்மிட் என்று அவர்களுக்குப் புரிய இரண்டு நாள் ஆகும்.

ஆவடியில் பட்டாளத்துக்கு டாங்கி செய்கிற இடம் அது. செய்து முடித்த ஒவ்வொரு டாங்கியையும் சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முப்பத்தெட்டு ஓட்டுநர்கள். முப்பத்தெட்டு பேருக்கும் ஆளுக்கொரு பச்சை அட்டைப் புத்தகம். படம், ரத்த வகை, எந்தெந்த மாதிரி வண்டியை ஓட்டலாம், எந்தத் தேதி வரைக்கும் ஓட்டலாம் எல்லாம் அதில் இருக்கும். வண்டி நாற்பது டன், புத்தகம் நாற்பது கிராம்கூட வராது. ஆனால் காலையில் தாட்சாயிணியிடம் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிச் சட்டைப் பையில் வைக்காதவர் வண்டியைக் கிளப்ப முடியாது. மாலையில் திருப்பித் தந்துவிட வேண்டும்.

விதிகள் மொத்தம் இருபத்தாறு. அவளுக்கு எல்லாமே மனப்பாடம். ஆறு மாதம் ஒரு மாதிரி வண்டியைத் தொடாமலிருந்தால் அந்த மாதிரிக்கான அனுமதி போய்விடும். கண்ணாடி போட்டவர் இன்னொரு கண்ணாடியும் கையில் வைத்திருக்க வேண்டும். பின்னோக்கி ஓட்டும்போது மேலே ஒருவர் நின்று வழி சொல்லியே ஆக வேண்டும். விதியை மாற்றிச் சொன்னால் அவளுக்குப் பல் கூசும். ஒருமுறை யாரோ ஒரு பெரிய அதிகாரி, வேடிக்கை பார்க்க வந்த தன் மைத்துனரை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்காரவைக்கப் பார்த்தார். தாட்சாயிணி ஜன்னலிலிருந்தே சொன்னாள்: “பர்மிட் இல்லாங்காட்டி பாக்கலாம் சார், தொடலாம், கும்பிடலாம். ஒக்காரத்தான் கூடாது.” மைத்துனர் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் அப்பா செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் படித்த மகளுக்கு எண்பத்து நாலில் இந்த வேலை கிடைத்தபோது அவருக்கு ஒரே சந்தேகம்.

“டேங்க்கு ஓட்றதுக்கா கூப்ட்டுகிறாங்க?”

“இல்ல நைனா. ஓட்றவங்களுக்குச் சீட்டு குடுக்கறதுக்கு.”

“அப்போ அவுனுங்க உன் கைக்குக் கீழத்தான்” என்று முடிவு செய்து, சந்திக்கிறவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஏழு வருடத்தில் அவளுக்கு வேண்டாதவர் என்று ஷெட்டில் ஒருவரும் இல்லை. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஐப்பசி வரைக்கும் இல்லை.

அன்றைக்கு மதியம் ஆனந்தன் தகரத் தட்டு போல ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான். டாங்கியின் மேல் நின்று ஓட்டுநருக்கு வழி சொல்பவன் அவன்.

“இது இன்னா தெரிதா, அக்கா?”

“இன்னாடா இது?”

“என் டிபன் கேரியரு. காலைல மூணு அடுக்கு. இப்போ ஒரே அடுக்கு.” சிரித்தான். “செவுத்தோரம் வெச்சிருந்தேன். கலியமூர்த்தி அண்ணன் ரிவர்ஸ் எடுக்கறப்போ ஏத்திட்டாரு. எலுமிச்சஞ்சாதம் பேப்பர் மாரி ஆயிடுச்சு.”

தாட்சாயிணி சிரிக்கவில்லை. பின்னோக்கி ஓட்டும்போது ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. தலையில் மாட்டிய காதொலிக் கருவியில் மேலே நிற்பவன் சொல்வதுதான் அவருக்குக் கண்.

“நீ ஸ்டாப் சொல்லலியா?”

“மூணு தபா சொன்னேன்க்கா.”

“மூணு தபாவுமா அவரு நிக்கல?”

ஆனந்தனின் சிரிப்பு மெல்ல நின்றது. “அவசரத்துல கேட்டிருக்காது” என்று சொல்லிவிட்டுத் தகரத்தை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் யோசித்துப் பார்த்தாள். கலியமூர்த்தி மாயவரத்துப் பக்கம். குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருப்பவர். பத்தொன்பது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். கொஞ்ச நாளாகவே பேசும்போது வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டுகிறார். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை. இதையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தும் சேர்த்துக் கூட்டவில்லை.

பதினொன்றாம் விதி இப்படி: ஓட்டுநரின் கண்ணிலோ காதிலோ சந்தேகம் வந்தால் பர்மிட்டை நிறுத்திவைத்துத் தனி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சந்தேகப்பட்டவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவம் ஒரு கட்டு அப்படியே இருந்தது. இதுவரை யாரும் அதில் பெயர் எழுதியதில்லை.

வீட்டில் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவள் கணவன் உலகநாதன், “உனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? நசுங்கனது டிபன் பாக்ஸுதானே?” என்றான்.

“அடுத்த தபா ஆனந்தன் எறங்கி நின்னுகினு இருந்தான்னா?”



மறுநாள் கலியமூர்த்தி வழக்கம்போல முதல் ஆளாக வந்து கை நீட்டினார். “தங்கச்சி, புக்கக் குடும்மா.”

அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரியில் ஏதோ தேடுகிறவள் போல நின்றாள். சாதாரணக் குரலில், “ஒக்காருங்கண்ணே” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னாள். திரும்பிப் பார்த்தபோது அவர் நீட்டிய கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

“ஏதாச்சும் சொன்னியா?”

“ரெண்டு தபா சொன்னேண்ணே.”

கையை மடக்கிக்கொண்டு அவரே உட்கார்ந்தார். “ஒரு காதுதாம்மா. இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு. எங்கப்பாவுக்கும் இப்புடித்தான் ஒரு பக்கம் ஆரம்பிச்சுது. அப்பறம் முழுசா அடைச்சிருச்சு.” குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே பேசினார். “மார்கழியில மெடிக்கல் வருதுல்ல, கம்பவுண்டர்கிட்ட சொல்லிவச்சிருக்கேன். காது டெஸ்ட்டுல டாக்டர் மெதுவா சொல்ற நம்பர வெரலால காட்டுறேன்னுருக்காரு. அதுவரைக்கும் நீ கண்டுக்காம இரு.”

“அண்ணே, நான் கண்டுக்கறதுக்குத்தானே இந்த நாற்காலியில ஒக்கார வெச்சிருக்காங்க.”

“பர்மிட்டு போயிட்டா என்னைய ஸ்டோர்ல கொண்டுபோய்ப் போல்ட்டு எண்ண விடுவாங்க. தெரியும்ல?”

“தெரியும்ணே.”

அவர் எதிரிலேயே படிவத்தை எழுதினாள். தன் பெயரை எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது.

அதன்பிறகு ஷெட்டில் அவள் குரலுக்குச் சிரிப்பு வரவில்லை. “சுலைமான் பாய், செவ்வாக்கெழம நீ சாவுற!” என்று கத்தினாள். சுலைமான் வந்து பேசாமல் படங்களை வைத்துவிட்டுப் போனார். டீ எடுத்து வருகிறவர்கூட அவள் டம்ளரை ஓசைப்படாமல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டில் அவள் வீட்டுக்குக் கலியமூர்த்தியின் மனைவி வசந்தகுமாரி வந்தார். கெஞ்சுவார் அல்லது திட்டுவார் என்று தாட்சாயிணி மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வேறொன்று கேட்டார்.

“காதுதானா, தங்கச்சி? நெசமாவே காதுதானா?”

“ஆமாக்கா. ஏன்?”

“நாலு மாசமா நான் பேசறதுக்கு அவருகிட்ட பதிலே கெடயாது. எம்மேல ஏதோ வெறுப்புன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். பொண்ணு கல்யாணத்துக்கு எங்கண்ணன் சரியா முன்னால வந்து நிக்கலல்ல, அந்தக் கோவம்னு.” முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “நேத்துதான் சொன்னாரு. காதுன்னு. எனக்கு அழுவறதா சிரிக்கறதான்னு தெரியல.” போகும்போது வாசலில் நின்று, “ரெண்டு நாளா சோறு எறங்கல அவருக்கு” என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே தாட்சாயிணிக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காது டாக்டர் வரும் நாள். விதிப்படி சந்தேகப்பட்டவரும் கூட இருக்க வேண்டும். டாக்டர் கண்டிப்பான அம்மாள். முதல் காரியமாகக் கம்பவுண்டரை வெளியே அனுப்பினார். கலியமூர்த்தியைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, இருபதடி தள்ளி நின்று மெல்லிய குரலில் எண்களைச் சொன்னார். வலது காதுக்கு எல்லாம் கேட்டது. வலது காதை அடைத்துக்கொண்டதும் அவர் சும்மா நின்றார். டாக்டர் “முப்பத்தாறு” என்றார். “எண்பத்தொண்ணு” என்றார். அவர் நின்றுகொண்டே இருந்தார். காக்கிச் சட்டை போட்ட அகலமான அந்த முதுகைப் பார்க்க முடியாமல் தாட்சாயிணி தரையைப் பார்த்தாள்.

“இப்படி உட்காருங்க” என்று டாக்டர் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “சிஸ்டர், வெந்நீர் கொண்டு வாங்க. பெரிய சிரிஞ்ச்.”

மூன்றாவது முறை நீர் பீச்சியபோது கறுத்த உருண்டை ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. புளியங்கொட்டை அளவு. டாக்டர் இடுக்கியால் அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பஞ்சு.

“பஞ்சு வைக்கிற பழக்கம் உண்டா?”

“தெனமும் காலையிலயே ரெண்டு காதுலயும் வப்பேன் டாக்டர். எண்ணெயில நனச்சு. வண்டி சத்தம் மண்டையப் பொளக்கும்.”

“வச்சதையெல்லாம் எடுத்தீங்களா?”

கலியமூர்த்தியின் கண்கள் விரிந்தன. மேலே பார்த்தார். “டாக்டர், இந்த ஃபேன் என்ன இந்தக் கத்து கத்துது?”

மறுபடியும் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள். டாக்டர் நாற்பத்தேழு என்று முடிக்குமுன் அவர் நாற்பத்தேழு என்றார். நூற்றுப் பதிமூன்று என்றார். கேட்காத எண்களையும் சேர்த்துச் சொல்லிவிடுவார் போலிருந்தது. “கொஞ்சம் தேய்மானம் இருக்கு, ஆனா விதிக்குள்ளதான். இனிமே பஞ்சு கூடாது, ரப்பர் அடைப்பான் வாங்கிக்குங்க” என்று டாக்டர் படிவத்தில் ‘தகுதி’ என்று எழுதினார். கலியமூர்த்தி அந்தச் சொல்லைப் படித்துவிட்டுத் தாளைத் தாட்சாயிணியிடம் நீட்டினார். “எங்கூட்டுக்காரிகிட்ட போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துர்றேன்” என்று குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தார். பாதி தூரத்தில் நடை ஓட்டமாயிற்று.

மறுநாள் காலை ஓட்டிக் காட்டும் சோதனை. டாங்கியைப் பின்னோக்கி எடுத்துச் சுவரோரக் கோட்டில் நிறுத்திக் காட்டினால்தான் நிறுத்திவைத்த பர்மிட் மறுபடி உயிர் பெறும். பதிவேட்டில் எழுத யாராவது சோதனை முடிவுத் தாளைக் கொண்டுவந்து தருவார்கள், அவள் போக வேண்டியதில்லை. ஆனாலும் போனாள். ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்த ஷெட்டுக்குள் நுழைந்து, பார்க்கிறவர்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஓட்டுநர்கள் விலகி அவளுக்கு இடம் விட்டார்கள். கலியமூர்த்தி எஞ்சினைக் கிளப்பியதில் தகரக் கூரை அதிர்ந்தது. நாற்பது டன் இரும்பு, பார்வையில்லாமல், மேலே நின்ற ஆனந்தனின் குரலை மட்டும் நம்பிச் சுவரை நோக்கி வந்தது. ஆனந்தனின் உதடு ஒரே ஒருமுறை அசைந்தது.

வண்டி நின்றது. கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடைகூடப் போகவில்லை.

தாட்சாயிணி பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது கிரீஸ் டின். “அக்கா, புடவை! புடவை!” என்று மேலிருந்து ஆனந்தன் கத்தினான். அவள் எழுந்திருக்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. ஒட்டினால் ஒட்டட்டும் என்று காற்றில் கையை மட்டும் வீசினாள்.