அப்பாவுக்கும் சேர்த்துப் போட்ட டிக்கெட்

அப்பா இறந்த ஐம்பத்திரண்டாம் நாள், நானும் அம்மாவும் திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி, அப்பா உயிரோடு இருந்தபோதே எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டிருந்தான். சிங்கப்பூர் போய் அவனோடும் அவன் மனைவியோடும் சேர்ந்துகொள்வது, அங்கிருந்து கப்பலில் ஒரு மணி நேரம் போனால் வரும் பிந்தான் தீவில் ஒரு ரிசார்ட்டில் நான்கு நாள் தங்குவது என்று ஏற்பாடு. அப்பாவின் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்தாகிவிட்டது.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வீடு வாங்கினார். மூன்று வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. எனக்கு நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பள்ளியில் இருக்கும்போது அம்மா பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் நான். சாதத்தைக் குழைத்து ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, பவுடர் போடுவது. இதைச் செய்வதில் எனக்கு ஒரு சாமர்த்தியம் வந்திருந்தது. உறவினர்கள் பார்த்துவிட்டுப் பாராட்டுவார்கள். பாராட்டும்போது நான் அடுத்த வேளை மாத்திரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

தம்பி போன வருடம் வந்திருந்தபோதுதான் இந்தத் தீவு யோசனையைச் சொன்னான். சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொள்வார்கள், டாக்டரையும் கேட்டுவிட்டேன், அப்பா நாலு நாள் கடலைப் பார்த்து உட்காரட்டும் என்றான். நடக்கிற காரியமில்லை என்று நினைத்தேன். ஆனால் வாக்குவாதம் செய்யவில்லை. அப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தோம். போட்டோவில் அவர் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும்.

அவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். உள்ளறையில் நான் காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து அவர் இருமுவது கேட்டது. ஒரே ஒரு இருமல். கையிலிருந்த தாளில் பாதி மதிப்பெண்ணைக் கூட்டியிருந்தேன். விட்டால் முதலிலிருந்து கூட்டவேண்டும். கூட்டி முடித்து, வட்டம் போட்டு, மூடியைப் போட்டுப் பேனாவை வைத்துவிட்டுப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் இடது கை அவள் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது.

"போயிட்டார்," என்றாள்.

நான் அழவில்லை. தம்பிக்குப் போன் செய்தேன், ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். மறுநாள் காலை விமானத்தில் தம்பி வந்து அழுதான். வந்த பெண்கள் என் முதுகைத் தடவி, "உள்ள வச்சுக்காதம்மா, அழுதுடு" என்றார்கள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. விரல் படுவது தெரியும். தொடுவது வேறு யாருடைய கன்னத்தையோ என்று தோன்றும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது தம்பி, "எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடறேம்மா" என்றான்.

"எதுக்கு?" என்றாள் அம்மா. "போவோம்."

அவன் என்னைப் பார்த்தான். எனக்குப் போவதும் போகாததும் ஒன்றாகத்தான் இருந்தது.

மாடி வீட்டு மாமிக்கு விஷயம் தெரிந்ததும் இறங்கி வந்தார். "வருஷம் திரும்பல, அதுக்குள்ள கடல் தாண்டிப் போறீங்களே" என்றார். அம்மா வெண்டைக்காயைத் துடைத்துக்கொண்டே, "அவருக்கும் சேர்த்துப் போட்ட டிக்கெட்டுங்க. எங்க ரெண்டு பேரு இடமாவது வீணாப் போக வேண்டாம்" என்றாள்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சிங்கப்பூரில் தம்பி வீட்டில் ஒரு நாள் இருந்தோம். மறுநாள் கப்பல். தம்பியின் மனைவிக்குக் குமட்டியது. நான் பையைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த வேலை கிடைத்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

தீவில் இறங்கி ரிசார்ட் வண்டியில் போனோம். வாசலில் தலையில் முக்காடு போட்ட ஒரு நடுவயதுப் பெண், சீருடையில், ஒரு சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மணலில் ஓடுவதற்காக டயர்கள் பலூன் மாதிரி பருத்திருந்தன. அவள் சிரித்தபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால், வண்டிக்குள் பார்த்தாள்.

தம்பியின் முகம் வெளுத்தது. "இங்க சொல்ல மறந்துட்டேன்க்கா," என்றான் என்னிடம். "டிக்கெட்டை மட்டும்தான் கேன்சல் பண்ணினேன்." பிறகு அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் என்னவோ சொல்ல ஆரம்பித்தான். சொல்லி முடிக்க முடியவில்லை.

அம்மா அந்த டயரை விரலால் அழுத்திப் பார்த்தாள். "இருக்கட்டும்டா. எனக்கும்தான் முட்டி வலி" என்று சொல்லி, புடவையை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் தள்ளினாள். நான் பின்னாலேயே போய்க் கைப்பிடியை வாங்கப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். விருந்தாளியைத் தள்ளவிடமாட்டார்கள் போல. அறை வரைக்கும் வெறும் கையோடு நடந்தேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அறையும் அப்பாவுக்காகக் கேட்டு வாங்கியதுதான். கழிவறையில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, குளிக்கிற இடத்தில் உட்காரப் பலகை, வாசலில் படிக்குப் பதில் சரிவு. கம்பி நல்ல உயரத்தில் இருக்கிறதே, வீட்டிலும் இப்படி வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் இனி வேண்டாம் என்பது ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு தகவலாகத்தான் வந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு நீளமான மேஜைகளில் என்னென்னவோ வைத்திருந்தார்கள். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலை அங்கே கிடைத்த வெள்ளைச் சோற்றில் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். நான் பப்பாளி எடுத்துவந்து உட்கார்ந்தேன்.

"அண்ணி, அது யாருக்கு?" என்று தம்பியின் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

தட்டைப் பார்த்தேன். பப்பாளி முழுவதையும் ஸ்பூனால் நசுக்கி, கட்டியில்லாமல் மசித்து வைத்திருந்தேன். எனக்குத்தான் என்று சொல்லிச் சாப்பிட்டேன். எந்த ருசியும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் அவர்கள் மூன்று பேரும் படகில் மீன் பார்க்கப் போனார்கள். நான் அறையில் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்றேன். காலை ஒன்பது மணிக்குப் படுத்தவள் எழுந்திருக்கும்போது சாயங்காலம் ஐந்தாகியிருந்தது. மூன்று வருடத்தில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து தூங்கியதில்லை. எழுந்து வெளியே வந்தால், வாசல் சரிவில் தம்பி தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "அப்பா கடைசில என்னைக் கேட்டாரா?"

"இல்லடா. யாரையும் கேக்கல. பேச்சுதான் இல்லையே."

"ஜாடையிலகூட?"

"இல்ல."

அவன் செருப்பால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தான். "கேட்டார்னு சொல்லியிருக்கலாம்ல," என்றான்.

"சொல்லியிருக்கலாம்," என்றேன். எனக்கு அது தோன்றவே இல்லை. வேறொரு காலத்தில் என்றால் அவன் கேட்பதற்கு முன்பே நானாகச் சொல்லியிருப்பேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்பதற்குள் அவன் எழுந்து, டீ வாங்கி வரேன் என்று போய்விட்டான். திரும்பி வந்தபோது இரண்டு கோப்பை இருந்தது. என்னுடையதில் சர்க்கரை இல்லை. நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்பதை அவன் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, தம்பியும் மனைவியும் நடக்கப் போயிருந்தார்கள். நானும் அம்மாவும் தண்ணீருக்குப் பக்கத்தில் மர நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். பெரிய அலை இல்லாத கடல். எங்களைச் சுற்றி யாருமில்லை. ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. தூங்கி எழுந்ததால் இருக்கலாம்.

"அன்னிக்கு அப்பா இருமினது எனக்குக் கேட்டுச்சும்மா," என்றேன். "உடனே வரல. ஒரு பேப்பருக்கு மார்க் கூட்டிட்டுத்தான் வந்தேன்."

அம்மா கடலைப் பார்த்தபடியே இருந்தாள்.

"வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்," என்றேன்.

"அதனாலதான் நான் உன்னைக் கூப்பிடல," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். சத்தம் ஏறாமல், ரேஷன் கடையில் நடந்ததைச் சொல்வதுபோல.

"அன்னிக்கு மத்தியானம் கஞ்சி குடுத்து வாயைத் தொடைச்சுவிட்டேன். கொஞ்ச நேரத்துல கண்ணு மேல போச்சு. மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. முன்னாடி ரெண்டு தடவை அப்படித்தான் ஆச்சு. ரெண்டு தடவையும் நீ ஓடி வந்து, நெஞ்சை அழுத்தி, ஆம்புலன்ஸ் கூப்பிட்ட. குழாய் போட்டுப் பொழைக்கவச்சாங்க. ரெண்டாவது தடவை வீட்டுக்கு வந்தப்ப அவருக்கு என்னை யாருன்னே தெரியல. அது உனக்குத் தெரியாது. நான் சொல்லல."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"கால் மணி நேரம் இருக்கும். கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நீ அடுத்த ரூம்லதான் இருக்கன்னு தெரியும். பேப்பர் திருப்புற சத்தம் கேட்டுச்சு. கூப்பிட்டா நீ விடமாட்ட. போகட்டும்னு இருந்துட்டேன்."

எனக்குள் ஏதாவது எழும் என்று காத்திருந்தேன். கோபமாக இருக்கலாம், நிம்மதியாக இருக்கலாம். எதுவும் எழவில்லை. அம்மாவின் கணுக்காலில் ஈர மணல் ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கஷ்டப்பட்டாராம்மா?"

"இல்ல. கடைசியா அந்த ஒரு இருமல். அவ்வளவுதான்."

அப்படியென்றால் நான் கேட்டது முடிவைத்தான். பேனாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருந்தாலும் ஒன்றுமில்லை. கணக்கு டீச்சருக்கு இது விளங்கியது. விளங்கியதால் மனதிலிருந்து எதுவும் இறங்கிவிடவில்லை.

"தம்பிகிட்ட சொல்ல வேண்டாம்," என்றாள்.

"சொல்லமாட்டேன்."

"உன்கிட்டயும் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். நீ வரலங்கறதையே நினைச்சுக்கிட்டு இருப்பன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும்" என்றாள்.

பிறகு எழுந்தாள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். நான் போய் அவள் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டேன். அப்பாவைப் பிடிக்கிற பிடி அது. எடையை நம் பக்கம் வாங்கிக்கொள்கிற பிடி. "ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிற? நான் விழமாட்டேன்" என்றாள் அம்மா. பிடியைத் தளர்த்தினேன். ஆனாலும் விடவில்லை. தம்பி திரும்பி வந்து கரையிலிருந்து எங்களைப் போட்டோ எடுத்தான். அதில் அம்மா சிரிக்கிறாள். நான் கேமராவைப் பார்க்கிறேன்.

நான்காம் நாள் கிளம்பினோம். கப்பல் துறையில் தம்பி என்னைத் தனியாக அழைத்து, "உனக்குப் பிடிக்கவே இல்லைல்லக்கா?" என்று கேட்டான். பிடிக்காமல் இல்லை என்றேன். நன்றாகத் தூங்கினேன் என்றேன். அவன் அதையே பெரிதாக எடுத்துக்கொண்டான். அவனுக்கு நான் கொடுக்க முடிந்த உண்மை அதுதான்.

திருச்சியில் இறங்கி டாக்சியில் காவிரிப் பாலம் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அம்மா டிரைவரிடம் எப்போது திறந்துவிட்டார்கள் என்று விசாரித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்தாள். அப்பாவின் கட்டில் இருந்த இடத்தில் பாயைப் போட்டுப் படுத்து, உடனே தூங்கிவிட்டாள்.

திங்கள்கிழமை பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது. "மிஸ், கடல் என்ன கலர்ல இருந்துச்சு?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை. நான்கு நாள் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். பச்சை என்று சொல்லிவிட்டு, போர்டில் தேதியை எழுதினேன்.

சாயங்காலம் அம்மா சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"காலைல பச்சை. வெயில் ஏற ஏற நீலம். தூரத்துல ஒரு கோடு மாதிரி கருப்பா இருக்கும், அதுக்குக் கீழ பாறைன்னு அந்த நாற்காலி தள்ளின பொம்பளை ஜாடையில சொன்னா. நீ பாக்கலையா?"

"இல்லம்மா."

அவள் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கீரைக்கட்டில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, படகில் போன அன்று பார்த்த மீன்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் இலைகளை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.