அத்தை வீடு பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

அத்தை ஒரு புதிய பகுதிக்குப் போனால் முதலில் வீடுகளைப் பார்ப்பதில்லை. அங்கிருக்கும் மருந்துக் கடையைத்தான் பார்ப்பாள்.

அவளே ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் 'பில் அக்கா'. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யாருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்குவது என்று முடிவானதும், ஊரையும் அதே கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள்.

"டயப்பர் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தா சின்னஞ்சிறுசுங்க நிறைய இருக்காங்கன்னு அர்த்தம். வாடகைக்கு வீடு தேடுறது அவங்கதான். பிரஷர் மாத்திரையே ஓடுதுன்னா எல்லாம் சொந்த வீட்டுப் பெரிசுங்க. அங்க வாங்கிப் போட்டா பூட்டித்தான் வைக்கணும்" என்பாள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து என் காதுக்குள். ஓட்டுவது நான்.

மாமா வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணமான சில மாதங்களிலேயே போனவர். விடுமுறைக்கு வருவார், பெட்டி காலியாகும், மறுபடி போய்விடுவார். அத்தை அன்றிலிருந்து அவளுடைய அண்ணன் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், என் அறையில். கட்டிலுக்கு அடியில் அவளுக்குக் கல்யாணப் பரிசாக வந்த சின்ன குக்கர் ஒன்று பிரிக்காத அட்டைப் பெட்டியில் இருக்கிறது. எங்கள் குக்கர் கெட்டுப்போனபோது அம்மா அதை எடுக்கப் போனாள். "அது ரெண்டு பேருக்குத்தான் காணும் அண்ணி" என்று சொல்லி அத்தை பெட்டியை உள்ளே தள்ளிவிட்டாள்.

போன முறை கிளம்பும்போது மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "வாடகைன்னு மாசாமாசம் ஒண்ணு வர ஆரம்பிக்கட்டும். ஏணியை அங்கயே போட்டுட்டு வந்துடுறேன்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும்.

மருந்துக் கடை முடிந்ததும், 'வாடகைக்கு' என்று பலகை தொங்கும் வீட்டுக் கதவைத் தட்டுவாள். வாங்க வந்திருக்கிறோம் என்று மூச்சுவிட மாட்டாள். "வாங்க வந்திருக்கோம்னா தேனும் பாலும் ஓடுதும்பாங்க. குடிவரக் கேட்டாத்தான் தண்ணி எப்ப நிக்கும்னு வாயில வரும்."

"எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேருதாங்க. நானும் வீட்டுக்காரரும்."

"இந்தப் பொண்ணு?"

"அண்ணன் பொண்ணு. வண்டி ஓட்ட வந்திருக்கா. கீழ் வீடு இருக்குமா? அவருக்கு முட்டி தேஞ்சு போச்சு. ஏணியில ஏறி ஏறி."

முதலில் இது வெறும் நடிப்பாகத்தான் இருந்தது. பிறகு கேள்விகள் நீண்டுகொண்டே போயின. காலை வெயில் சமையலறைக்கு வருமா? தான் காபி போடும்போது அவர் பக்கத்தில் நின்று பேச இடம் இருக்குமா? மத்தியானம் தூங்க முடியாதபடி தெருவில் இரைச்சல் இருக்குமா? வாடகைக்கு விடப்போகிற வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்பாதான் கேட்டார்.

"கேள்வி கேக்குறது குடித்தனக்காரி. வாங்கப்போறது வீட்டுக்காரி. நீ எந்தக் கட்சி?"

"ரெண்டுலயும் ஓட்டு இருக்கு அண்ணே" என்றாள்.

ஒரு ஞாயிறு, பழைய அச்சகத்துக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்துக்குள் போனோம். முனையிலிருந்த மருந்துக் கடைக்காரர் கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அலமாரி முழுக்க பிரஷர் மாத்திரை.

"திரும்பிடலாமா அத்தை?"

அவள் கடைக்காரரை எழுப்பி, மாமா போடும் மாத்திரையின் பெயரைச் சொல்லி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. வாங்கவில்லை. "வந்ததுக்கு ஒரு வீடு பார்த்துட்டுப் போயிடலாம்" என்றாள்.

கீழ் வீடு. இரண்டு அறை. பின்கதவைத் திறந்தால் ஒரு குழாயும் வெயில் விழும் சுவரும். வீட்டுக்காரப் பாட்டியம்மாளுக்கு வாய் ஓயவில்லை.

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலயா?"

"வேலைங்க."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை? வீடு பாக்குறதெல்லாம் நம்ம தலையில, குத்தம் சொல்றது மட்டும் அவங்க. வரட்டும், நான் கேக்குறேன்."

அத்தை சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். அடுப்பு மேடை முன்னால் நின்றாள். பிறகு, பக்கத்தில் யாரோ வந்து நின்றதைப் போல, கொஞ்சம் ஒதுங்கி நின்றாள். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

அன்று மாமாவிடம் போனில் அந்த வீட்டைப் பற்றித்தான் பேச்சு. "வாடகைக்கு விடுற வீட்டுல நான் எங்க நின்னா உனக்கென்ன?" என்று அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. "சரி, உன் கணக்கு எதைச் சொல்லுது?"

"ஆஸ்பத்திரி ரோடு. டயப்பர் அடுக்க இடமில்லாம வெளியில வச்சிருக்கான்."

"அப்ப அதை முடி."

முடித்தாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ராத்திரி பகலாக ஹாரன் சத்தம். பெயின்ட் காய்வதற்குள் கைக்குழந்தையோடு ஒரு நர்ஸும் கணவனும் குடிவந்தார்கள். முதல் வாடகை வந்த அன்று அத்தை தலைவாரி, முகம் கழுவி, போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"பாத்தியா! பில் அக்கா கணக்கு தப்புமா?" மாமா ஒரே உற்சாகம். "இதே மாதிரி இன்னொண்ணு பாரு. ரெண்டா இருந்தா தைரியமா வந்துடலாம்."

"ம்" என்றாள் அத்தை. அவர் அங்கத்து வெயிலைப் பற்றிச் சொன்னார். அதற்கும் "ம்". போனை வைத்த பிறகு, கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியை இழுத்து, முந்தானையால் தூசு துடைத்து, மறுபடி உள்ளே தள்ளினாள். நான் தூங்குவது போல் படுத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு, "வண்டியை எடு" என்றாள்.

"புது ஏரியாவா?"

"பார்த்த ஏரியாதான்."

முட்டுச்சந்து வீட்டில் பலகை அப்படியே தொங்கியது. அவள் கணக்குப்படியே ஒருவரும் வந்திருக்கவில்லை.

"என்னம்மா, எங்கயும் கிடைக்கலயா?" என்றார் பாட்டியம்மாள்.

"கிடைச்சுது. எனக்கு இதுதான் வேணும்."

"ரெண்டு பேருதானே?"

"ரெண்டு பேருதான். நான் முதல்ல வர்றேன்."

ஆஸ்பத்திரி ரோட்டு வாடகை இந்த வீட்டு வாடகைக்குச் சரியாகப் போய்விடும்படி அவள் அங்கேயே பேசி முடித்தது எனக்குக் கேட்டது. வெளியே வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு மாமாவைக் கூப்பிட்டாள். போனின் சத்தத்தைக் குறைக்கவில்லை, நான் கேட்டாலும் பரவாயில்லை என்பது போல.

"வீடு பார்த்தாச்சுங்க."

"அதுக்குள்ளயா! டயப்பர் நல்லா ஓடுதா?"

"இல்லீங்க. பிரஷர் மாத்திரைதான் ஓடுது."

"அப்ப யாரு குடிவருவா அங்க?"

"நான். முதல் தேதியிலேர்ந்து. அண்ணன் வீட்டுல இருந்தது போதும்ங்க."

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இரும்பு ஏணியைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டது. அத்தை கேட்டின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த மாடி?" என்றார் மாமா.

"கீழ் வீடு."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. நான் வண்டியைக் கிளப்பாமல் நின்றிருந்தேன்.