ஸ்கேல் வைத்துப் பூட்டிய ஷூவும் என் இடது முட்டியும்

சைக்கிள் கடை வேலை என்றால் சக்கரத்தைப் பார்க்கிற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பன்னிரண்டு வருஷமாக நான் பார்ப்பதெல்லாம் அடுத்தவர் முட்டிகளைத்தான்.

கடை அம்பத்தூரில், வீடு ஆவடியில். போக வர சைக்கிள்தான். நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காமல் எங்கள் கடையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போகாது. அப்படிப்பட்டவனுக்குத்தான் போன வருஷம் இடது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. படி இறங்கினால் உயிர் போகும். எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் பாப்போம். குறையலேன்னா சைக்கிளை மறந்துடுங்க" என்றார். சைக்கிளை மறந்துவிட்டு சைக்கிள் கடையில் நான் என்ன பண்ணுவது? முட்டிவலிக்காரர்களே, உங்களுக்குப் புரியும். வலியைவிட அந்தப் பேச்சுதான் என்னைப் போட்டு வாட்டியது.

கொரட்டூர் சிக்னல்

கொரட்டூர் ஃபிளாட்டில் குடியிருக்கும் ஐ.டி. தம்பி ஒருவர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நாள் முழுக்க உட்கார்ந்தே முட்டி பிடித்துக்கொண்டதாம். எத்தனையோ வீடியோ பார்த்துவிட்டு, கிளிப் பெடல்தான் வேண்டும் என்று நின்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஷூவின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். அது பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். காலை எடுக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். நான் ஸ்கேல் வைத்து, நூல் பிடித்த மாதிரி இரண்டு கொக்கியையும் நேராகப் பூட்டினேன். இந்த வட்டாரத்தில் என்னளவு நேராகப் பூட்ட ஆளில்லை என்று எனக்கொரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தில், காலைக் கழட்டப் பழக்கிவிட மறந்துபோனேன்.

மறுநாள் முழங்கையில் கட்டோடு வந்தார். சிக்னலில் வண்டி நின்றது, கால் வரவில்லை, அப்படியே பக்கத்து ஷேர் ஆட்டோ மேல் சாய்ந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன். பாவமாகத்தான் கேட்டார்: "அண்ணே, அந்த வீடியோல ஒருத்தன்கூட சிக்னல்ல நிக்கவே இல்லையே?"

டீச்சரின் கான்வாஸ் ஷூ

அதிலிருந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது தடவை மாட்டிக் கழட்டாமல் யாரையும் அனுப்புவதில்லை. திருநின்றவூர் டீச்சர் அந்தச் சுவருக்கு வேலையே வைக்கவில்லை. ஐம்பது வயசு, இரண்டு முட்டியிலும் வலி. வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை சைக்கிளில் போக வேண்டும். நான் நாலு ஜோடி கிளிப் ஷூவை எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒதுக்கி வைத்தார்.

கடைசியில் அகலமான சாதாப் பெடல் போட்டேன். கால்களில் அவருடைய கெட்டி அடி வைத்த கான்வாஸ் ஷூவே இருக்கட்டும் என்றேன். சீட்டை மட்டும் இரண்டு விரல் ஏற்றினேன். சீட் தாழ்ந்திருந்தால் முட்டி மடங்கியே கிடக்கும். பாதி வலி அதில்தான் வருகிறது. ஒரு ரவுண்டு போய்வந்தவர் முகமே வேறாக இருந்தது. "நல்ல ஷூவையெல்லாம் வேணாம்னுட்டேன்னு வருத்தப்படாதீங்க. நான் யாரையும் ஜெயிக்க வேணாம், எட்டே கால் ரயிலைப் பிடிச்சா போதும்."

சேகர் கேட்டது

சரி, என் முட்டிக்கு நான் என்ன செய்தேன்? நல்ல ஷூ, பழைய கிளிப் பெடலுக்குப் பதில் புதுசு, வழக்கம்போல ஸ்கேல். வலி கூடியது. சீட்டை ஏற்றினேன், இறக்கினேன், முன்னால் தள்ளினேன். ஒன்றுக்கும் வலி கேட்கவில்லை. இரண்டு மாசம் ஓடிவிட்டது. சைக்கிளைக் கடையிலேயே சாத்திவிட்டு ரயிலில் வர ஆரம்பித்தேன். ஓட்டிப் பார்க்கிற வேலையும் மெக்கானிக் சேகரிடம் போய்விட்டது. அவனுக்கும் என் வயசுதான், வியாசர்பாடிக்காரன், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவான். ஒரு நாள் நான் ஷூ பெட்டியோடு கடை மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சிரிக்கவில்லை. பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டான்: "ஊர்ல கீறவன் காலெல்லாம் நீ பாக்கறே, உன் காலை யாராண்ட காட்டப் போறே மாமே?"

பாயின் சாக்பீஸ்

பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், தேய்ந்த பெடலை மாற்ற வந்தார். மெஷினை மிதித்து மிதித்து அவருக்கும் முட்டி வலி. நான் குனிந்து அவர் காலைப் பார்க்க, அவர் என் காலையும், மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த என் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், உங்க இடது பாதம் வெளிப்பக்கம் பாத்து நிக்குது. ஷூவுல கொக்கி மட்டும் ஏன் நேரா இருக்கு?"

"நேராத்தான் பாய் பூட்டணும்" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. என்னை மேஜை விளிம்பில் உட்காரவைத்து, கால்களைச் சும்மா தொங்கவிடச் சொன்னார். வலது பாதம் நேராகத் தொங்கியது. இடது பாதம் தன்பாட்டுக்கு வெளியே திரும்பிக்கொண்டது. அத்தனை பேர் காலைப் பார்த்தவன், என் காலை அன்றுதான் பார்த்தேன். நேராகப் பூட்டிய கொக்கி அந்தப் பாதத்தை உள்ளே இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு மிதிக்கும் முட்டியை முறுக்கியிருக்கிறது. துணியில் கோடு போடும் சாக்பீஸைப் பாய் தன் பையிலிருந்து எடுத்து, இடது ஷூவின் அடியில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். சேகர் கொக்கியைத் தளர்த்தி, அந்தக் கோட்டுக்குத் தகுந்த மாதிரி பூட்டினான்.

அன்று சாயங்காலம் ஆவடிக்கு சைக்கிளிலேயே போனேன். வலித்தது, ஆனால் பழைய வலி இல்லை. மூன்றாவது வாரம், கடை மாடியிலிருந்து இறங்கும்போது பாதிப் படியில் கவனித்தேன்: கை கைப்பிடியில் இல்லை. அங்கேயே நின்றுவிட்டேன். கண் கலங்கியது, சொல்வதற்கென்ன வெட்கம். ஒரு கிலோ மைசூர்பாகோடு பூந்தமல்லிக்குப் போய், "நீங்க நல்லா இருக்கணும் பாய்" என்றேன். அவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "ரெண்டு காலும் ஒண்ணுபோலன்னு நம்பி பேன்ட் வெட்டியிருந்தா, என் கடையை எப்பவோ இழுத்து மூடியிருப்பேன் சார்."

மூன்று மாசம் முடிந்தது

இப்போது கடையில் முதலில் மேஜை, அப்புறம்தான் ஷூ. கொரட்டூர் தம்பியையும் கூப்பிட்டு, கால் தொங்கவிடச் சொல்லி, கொக்கியை மாற்றிப் பூட்டிவிட்டேன். டாக்டரிடம் போனபோது அவர் முட்டியை மடக்கினார், நீட்டினார், என் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "சைக்கிளை மறக்க வேணாம். வர்றவங்க எல்லாரையும் அந்த மேஜையில உக்கார வைங்க, என் கிளினிக்ல கூட்டம் கொஞ்சம் குறையட்டும்."

ஊரார் காலைக் குனிந்து பார்த்தே பிழைத்தவனுக்கு, அவன் காலைப் பார்க்கவும் பேன்ட் தைக்கிற ஒருவர் பெடல் மாற்றுகிற சாக்கில் வந்து சேர்ந்தார் என்பதுதான், இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய லாபம்.