இரண்டு சுற்று கூடுதல்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தேனியில், பெரியகுளம் ரோட்டில், மோட்டாருக்கும் ஸ்டெபிலைசருக்கும் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். பயந்த சுபாவம். கடையைப் பூட்டிப் பாதி வழி போனபிறகு, மெயின் சுவிட்சை அணைத்தோமா என்று திரும்பி வருவேன். மின்சாரம் தாவாமலிருக்கக் காயிலுக்கு நடுவில் மூன்று சுற்றுப் பேப்பர் போதும் என்றால் ஐந்து சுற்றுவேன். அதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

செல்போன் எங்கள் பக்கம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்தும் ஒரு மேடம் கடைக்கு வந்தார். கம்பம் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். நெஞ்சுப் படம் எடுக்கக் கீழே இறங்குவதைத் தள்ளிப்போட்டே போய்ச் சேர்ந்துவிட்டார். மேலே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சின்ன எக்ஸ்ரே பெட்டி ஒன்று செய்ய வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. அதற்கு அறுபதாயிரம் வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

ஊஞ்சலை அதன் வேகம் பார்த்துத் தள்ளினால் லேசாகத் தள்ளினாலே உயரப் போகுமே, அந்த மாதிரிதான் இந்த சர்க்யூட் என்று விளக்கினார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த கணக்கையும் காட்டினார். எனக்குப் புரிந்தது பாதி.

"அண்ணே, ரெண்டு காயிலுக்கும் நடுவுல பேப்பர் மூணே சுத்து. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். அந்த இடைவெளியும் என் கணக்குல இருக்கு."

தலையாட்டினேன். சுற்ற உட்கார்ந்ததும் அறுபதாயிரம் வோல்ட் மேடத்தின் கைமேல் பாய்வதுபோலவே இருந்தது. ஐந்து சுற்றிவிட்டேன்.

காலேஜில் ஓட்டிப் பார்த்தபோது நாற்பதாயிரத்தைத் தாண்டவில்லை. சர்க்யூட் தள்ளும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார் மேடம். பாகங்கள் சூடாகிப் புகைந்ததுதான் மிச்சம். இந்த வேலைக்குப் பணம் தருகிறவர்கள் வந்து பார்க்க இன்னும் மூன்று நாள் இருந்தது. அறுபதைத் தொடாவிட்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள்.

மறுநாள் மேடம் கடைக்கு வந்தார்.

"அண்ணே, மூணு சுத்துதான போட்டீக?"

அப்போது சொல்லியிருந்தால் ஒரே பகலில் பிரித்துச் சுற்றியிருக்கலாம். புகைந்த பாகங்களின் விலை எல்லாம் என் தலையில் விழும் என்று பயந்தேன்.

"மூணுதான் மேடம்."

"அப்ப என் கணக்குதான் எங்கயோ இடிக்குது. நீங்க மெயின் சுவிட்சையே ரெண்டு தடவ பாக்குற ஆளு" என்று சிரித்தார்.

மிச்சமிருந்த இரண்டு நாளும் சரியாயிருந்த கணக்கையே திருத்திக்கொண்டிருந்தாராம். வந்தவர்களிடம் தன் கணக்கே தப்பு என்று ஒப்புக்கொண்டார். வேலை நின்றது. டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்து, செப்புக் கம்பியாவது உதவும் என்று கொடுத்துவிட்டுப் போனார். வாங்கி அலமாரியில் வைத்தேன்.

பல நாள் கழித்து அதைப் பிரித்தேன். என்மேல் சந்தேகமே படாமல், தன் கணக்கின்மேல் பழி போட்டுக்கொண்டு போனாரே என்று உறுத்தியது. மூன்றே சுற்றுப் பேப்பர் வைத்து அதே கம்பியில் மறுபடி கட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று காலேஜுக்கு எடுத்துப் போனேன். "மேடம் வேலைய விட்டுப் போயிட்டாக, எந்த ஊருன்னு தெரியாது" என்றார் வாட்ச்மேன். மேடம் சர்க்யூட்டை வைத்து ஓட்டிய அறையில் இப்போது வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் இருந்தன.

அந்த டிரான்ஸ்பார்மர் இன்னும் என் கடை அலமாரியில் இருக்கிறது. அறுபதைத் தொடுமா என்று பார்க்க அவருடைய சர்க்யூட் வேண்டும்.