ரெண்டுங்கெட்டான் தூரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வெல்டிங் கடையில் நானும் என் மச்சானும் செய்து வாங்கிய கூடையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஓர் இரும்புக் கம்பம், அதன் நடுவில் கூடை, கூடைக்கு மேலே சுற்றிலும் தொங்கும் நாய்ச் சங்கிலிகள். இது எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். தட்டு எறிய என்றார் மச்சான். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். டிஸ்க் கோல்ஃப் என்கிற ஆட்டம் அது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் வட்டு; தூரத்திலிருந்து எறிந்து எறிந்து கொண்டுபோய்க் கூடையில் சேர்க்க வேண்டும். அலுவலக வேலையாக அமெரிக்கா போன மச்சான் அங்கே விளையாடப் பழகி, வட்டுகளோடு திரும்பியிருந்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. மனைவி இறந்த பிறகு சேக்காட்டு வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. ஞாயிறு தவறாமல் அவர் வருவார். வந்தவருக்கு என்ன பேசுவதென்று தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் டிவியையே பார்த்துக்கொண்டிருப்போம். அக்காவே போய்விட்டாள், அக்கா வீட்டுக்காரனைப் பார்க்க ஒருவர் எத்தனை காலம் வருவார் என்ற பயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வட்டு வந்து எங்களைக் காப்பாற்றியது. பாரிவாக்கத்தில் ஏரியை ஒட்டி ப்ளாட் போட்டு விற்காமல் கிடந்த வெட்டவெளிக்குக் கூடையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போவோம். அவளைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறப்பதில்லை.

கூடைக்குப் பக்கத்தில் நின்றால் குழந்தைகூடப் போட்டுவிடும். தள்ளி நின்றால் கையை முழுதாக வீசி எறியலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரெண்டுங்கெட்டான் தூரம் இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். அங்கிருந்து போட இரண்டு வழி. மணிக்கட்டைச் சுண்டி விசையாக விடலாம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் தவறினால் எங்கேயோ போய்விடும். அல்லது கையை மெல்ல மேலே நீட்டி மிதக்கவிடலாம். தவறினாலும் கம்பத்தின் காலடியிலேயே விழும், ஆனால் ஏரிக்காற்று அடித்தால் திரும்பிவிடும். தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவன் நான். காற்றைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, நின்று நிதானித்து மிதக்கவிடுவேன். மச்சானோ தன் வீட்டு மொட்டை மாடியில் சுண்டிச் சுண்டியே பழகியவர். அங்கே தவறியதையெல்லாம் கைப்பிடிச் சுவர் தடுத்து நிறுத்திவிடும். வெட்டவெளியில் சுவருக்கு எங்கே போவது? அவர் வட்டு வாராவாரம் கருவேலம் புதருக்குள் போகும். முள் கீறிய கையோடு திரும்பி வருபவரை நான் கேலி செய்யாமல் விட்டதில்லை.

பிறகு அவருக்குப் புனேவுக்கு மாற்றலானது. குடும்பத்தோடு கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, நான் சரியாக அந்தத் தூரத்தில் நின்றேன். போட்டுவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். கை எழவே இல்லை.

"இன்னா மாமா, அக்கா இருந்துச்சுன்னா, இதுக்குப் போயி இவ்ளோ ரோசனையான்னு கேட்டுக்கினு நின்னுருக்கும்" என்றார் பின்னாலிருந்து.

என் மணிக்கட்டு தானாகச் சுண்டிவிட்டது. வட்டு கூடையைத் தாண்டிப் புதருக்குள் போனது. இருவரும் குனிந்து, முள்ளை விலக்கி விலக்கித் தேடினோம். அங்கே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத இடத்தில், அவர் பேச ஆரம்பித்தார்.

"சின்ன வயசுல எம்மேல தட்டையே வீசிச்சு மாமா. குறி தப்பாது. நம்ம ரெண்டு பேரையும் ஜெயிச்சிருக்கும்."

நானும் சொன்னேன். அவள் கோபத்தைச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் மோர் கேட்டதைச் சொன்னேன். வட்டு கிடைத்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. அழுதோம்.

இப்போது தனியாகப் போகிறேன். பாதி ப்ளாட்டுகளில் வீடு வந்துவிட்டது. மச்சான் எப்போதாவது போன் செய்வார். எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்பார். மெதுவாகத்தான், வட்டு கம்பத்தடியிலேயே விழுகிறது என்பேன். அது பொய். அந்தத் தூரத்தில் நின்றால் வேண்டுமென்றே மணிக்கட்டைச் சுண்டிவிடுகிறேன். வட்டு புதருக்குள் போகிறது. நானும் பின்னாலேயே போய்க் குனிந்து முள்ளை விலக்கிக்கொண்டு அவளைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறேன். "ஆமா மாமா" என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.