தாடையால் கேட்டவர்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் வால்வுக்காரர் என்றுதான் சொன்னார்கள். கிட்டார் வாசிக்கிறவர்களின், கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர்களைக் குடல் வரைக்கும் பிரித்து, செத்த கண்டென்சர்களைக் களைந்து, புதிதாக ஈயம் வைத்து உயிர் கொடுப்பது அவர் தொழில். யாரிடமும் போய்க் கற்றதில்லை. மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடக் காகிதங்களைப் படித்தும், இரண்டு முறை நன்றாக ஷாக் வாங்கியும் கற்றுக்கொண்டார். இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு, மின்சாரம் நெஞ்சு வழியாகப் போக வழி வைக்கக்கூடாது என்று இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு ஒற்றைக் கையால் வேலை செய்யப் பழகினார். பழக்கம் முற்றிப்போய், இப்போது சாப்பிடும்போதும் இடது கை பைக்குள்தான் இருக்கும்.

ஆம்ப்ளிஃபயரை மட்டும் தனியாக அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. அதற்கேற்ற ஸ்பீக்கர் பெட்டியைப் பொருத்திப் பார்த்து, இரண்டையும் ஜோடியாகத்தான் வாசல் தாண்ட விடுவார். எட்டு ஓமுக்கு எட்டு ஓம் என்று மின்தடை எண்ணைப் பார்த்துச் சேர்ப்பது பள்ளிக்கூடக் கணக்கு, அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது என்பார். ஒரே ஆம்ப்ளிஃபயர் மரத்தூள் பலகைப் பெட்டியில் சளி பிடித்தவர் மாதிரிப் பேசும். முதுகு திறந்த பெட்டியில் வீடெல்லாம் ஓடித் திரியும். தனக்கென்று அமைந்த பெட்டியில்தான் ஓர் ஆளாக நிமிர்ந்து நிற்கும். முன்னறையில் நாற்காலிகள் கிடையாது. ஏழு பெட்டிகள் வரிசையாக இருந்தன. வந்தவர்கள் அவற்றின் மேல்தான் உட்கார வேண்டும், அதையே அவர் சோதிக்கக் கேட்பார் என்பதால் உட்கார்ந்த மாத்திரத்தில் எழுந்திருக்கவும் வேண்டும்.

பொருத்தம் பார்க்க அவர் காதை மட்டும் நம்புவதில்லை. காது முகஸ்துதி செய்யும், எலும்பு செய்யாது என்பது அவர் கட்சி. பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, அதன் தலையில் தன் தாடையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். வாசிக்கிறவர் வாசிப்பார். சத்தம் மரத்திலிருந்து தாடைக்கு ஏறி மண்டைக்குள் போய் உட்காரும். திருப்தியானால் ஆம்ப்ளிஃபயரின் உள் தகட்டில் பென்சிலால் கையெழுத்துப் போடுவார். அதிரும் ஆணியோ தளர்ந்த பலகையோ இருக்கிற எந்த ஜோடிக்கும் இருபத்தாறு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

அப்படி ஒரு கையெழுத்துக்காக ஆறு மாதமாகக் காத்திருந்தவர், அவருடைய மனைவியின் தம்பி. டவுன் பஸ் டிரைவர். பஸ் டிப்போ ஆட்கள் நாலு பேர் சேர்ந்து வைத்திருந்த இசைக்குழுவில் கிட்டார் அவர்தான். அதுவரைக்கும் டிப்போவில் டயர்களுக்கு மட்டுமே வாசித்துக்கொண்டிருந்த குழுவுக்கு, அந்தச் சனிக்கிழமை மாலை நகர மண்டபத்தில் மேடை கிடைத்திருந்தது. அதற்குள் ஜோடி தயாராகாவிட்டால் டிப்போவின் அறிவிப்பு ஒலிபெருக்கியில்தான் வாசிக்க வேண்டும். காணாமல்போன குடைகளைப் பற்றி மட்டுமே எட்டு வருஷமாகப் பேசிய ஒலிபெருக்கி அது.

அதற்கு முந்தின வாரம்தான் வால்வுக்காரரின் மனைவி அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தார். ஆறு மாதமாக மேல்வரிசைப் பல் இல்லாமல், ஒரு ஜோடிக்கும் கையெழுத்துப் போடாமலே காலத்தை ஓட்டியவருக்கு ஞாயிற்றுக்கிழமை புதுப் பல்செட் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை மூன்றாவது பெட்டியை இணைத்தார். பைன் மரம், மெல்லிய பலகை. மச்சினர் ஒரு தடவை எல்லாக் கம்பிகளையும் வருடினார். இதுதான் ஜோடி என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. வால்வுக்காரர் பென்சிலைக் கூர்மையாக்கி வைத்துவிட்டு, முறைப்படி மண்டியிட்டுத் தாடையை ஊன்றினார்.

ஐந்தாவது கம்பியில் 'கிர்ர்' என்றது.

மறுபடியும் அந்தக் கம்பியைத் தட்டச் சொன்னார். கிர்ர். மற்ற ஆறு பெட்டிகளிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றில்கூட இல்லை. ஆனால் அந்த ஆறிலும் ஆம்ப்ளிஃபயர் பிடிக்காத வீட்டில் விருந்துக்கு வந்த மாதிரி வாசித்தது. பொருந்துகிற பெட்டி கிர்ர் என்கிறது, கிர்ர் என்னாத பெட்டி பொருந்தவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டார்.

செவ்வாயன்று வால்வுகளைப் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றினார். புதனன்று பெட்டியின் கைப்பிடி, மூலைத் தகடுகள் எல்லாம் கழன்றன. முப்பத்திரண்டு திருகுகளுக்கும் நூல் சுற்றினார். பிறகு சந்தேகம் அறையின் மேல் திரும்பியது. சுவர்க் கடிகாரம் அடுத்த வீட்டுக்குப் போனது. ஜன்னல் கண்ணாடிகள் அதிராமலிருக்க ஓரமெல்லாம் மாவுபோல மக்குப் பசை அப்பினார். சமையலறைத் தட்டுகள் படுக்கையறை மெத்தைக்குக் குடிபெயர்ந்தன. மனைவி வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மூச்சாவது விடலாமா என்று கேட்டார். வாசிக்கும்போது மட்டும் வேண்டாம் என்றார் அவர்.

மச்சினர் காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் நடுவில் யூனிஃபார்மோடு வந்து, மூன்று மணி நேரம் அந்த ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டு நின்றார். விரல் நுனி கொப்பளித்துவிட்டது.

"அத்தான், சத்தியமா எனக்கு ஒண்ணும் கேக்கலை."

"உனக்குக் கேட்டுச்சுன்னா நீ ஏன் மச்சான் பஸ் ஓட்டறே?"

வியாழக்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பெட்டியின் மரத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. அதே வயதில், அதே கனத்தில், அதே பைன் மரத்தில் வேறொரு பெட்டி செய்ய வேண்டும். அப்படிப்பட்ட மரம் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. மத்தியானம் மனைவி சாப்பாட்டு மேஜையைத் துடைத்தபோது, அதன் மேல் பென்சில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. எந்தத் துண்டு எந்தப் பக்கத்துக்கு என்று எண்கூடப் போட்டிருந்தது. மனைவி துணியைக் கீழே வைத்துவிட்டு மேஜை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மூணாம் நம்பர் பலகையில நான் உக்காந்திருக்கேன். அறுக்கிறதுன்னா என்னையும் சேர்த்து அறுங்க."

வால்வுக்காரர் அப்போது மடியில் தட்டை வைத்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் இருந்தார். இந்தப் பெண்மணிக்கு விஷயத்தின் கனம் புரியவில்லை, நேரில் காட்டினால் அவளே இறங்கி ரம்பத்தை எடுத்துக் கொடுப்பாள் என்று தோன்றியது. கையைக் கழுவினார். மச்சினரைத் தட்டச் சொன்னார். மண்டியிட்டுத் தாடையை ஊன்றினார்.

ஒன்றுமில்லை. ஐந்தாவது கம்பி தேன்போல வழிந்தது. பத்து முறை தட்டச் சொன்னார், பத்து முறையும் சுத்தம்.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, வியர்த்தது. இருக்கிற பழுதைத் தேடலாம். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பழுது மேடையில்தான் திரும்பி வரும். இது ஒளிந்து விளையாடுகிற வியாதி என்று முணுமுணுத்தார். முணுமுணுத்தது யாருக்கும் புரியவில்லை, ஏனென்றால் வாயில் பல் இல்லை. புதுப் பல் உறுத்துகிறதென்று சாப்பிடும்போது அதைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவது அவர் வழக்கம்.

மனைவி மேஜையிலிருந்து இறங்கினார். நாலு நாளாக அந்தப் பல்செட் வெறும் வாயிலேயே கடகடவென்று ஆடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். போய்த் தம்ளரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதையும் மாட்டிக்கிட்டுக் கேளுங்க."

மாட்டிக்கொண்டார். தாடையை ஊன்றினார். பல்லைக் கடித்தார். மச்சினர் தட்டினார்.

கிர்ர்.

மச்சினர் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பி நின்றார். முதுகு குலுங்கியதைப் பார்த்தால் அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. பெட்டி நன்றாக இருந்ததால்தான் அதன் மெல்லிய பலகை அவ்வளவு அருமையாக அதிர்ந்தது. அதிர்ந்ததால்தான் பல் ஆடியது. தடிப்பலகைப் பெட்டிகளுக்கு ஒரு பல்லை ஆட்டவும் வக்கில்லை.

"அப்போ எடுத்துட்டுப் போகலாமா அத்தான்? கையெழுத்துப் போடுங்க," என்றார் மச்சினர்.

முடியாது என்றார் வால்வுக்காரர். பல்லைக் கழற்றிவிட்டுக் கேட்டதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பொக்கை வாயால் பல்லைக் கடிக்க முடியாது, கடிக்காமல் கேட்டது சோதனையே இல்லை. மீட்டர் கோளாறு என்று தெரிந்த பிறகு அந்த மீட்டரால் அளந்த எதற்கும் மனுஷன் கையெழுத்துப் போடுவானா? முதலில் மீட்டரைச் சரிசெய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, ஷிப்டு முடிந்து டிப்போவுக்குக் காலியாகத் திரும்ப வேண்டிய ஒரு டவுன் பஸ் பல் மருத்துவமனை வாசலில் நின்றது. ஆம்ப்ளிஃபயர், மூன்றாவது பெட்டி, கிட்டார், வால்வுக்காரர் எல்லாம் அதிலிருந்து இறங்கினார்கள். பல் டாக்டரம்மா நாற்காலியின் விளக்குக்கான பிளக்கைப் பிடுங்கி ஆம்ப்ளிஃபயருக்கு இடம் கொடுத்தார். மெல்ல முடியவில்லை, பேச முடியவில்லை என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஐந்தாவது கம்பிக்குப் பல் ஆடுகிறது என்று வந்தவர் இவர்தான் முதல். பல்செட்டின் உட்புறம் ஒரு பூச்சுப் பூசி, ஈறில் நன்றாகப் பதிய வைத்தார். ஐந்தாவது கம்பி அடங்கியது. ஆறாவதில் கிளம்பியது. கொஞ்சம் தேய்த்தார். ஆறாவது அடங்கி, ஐந்தாவதில் திரும்பி வந்தது. காத்திருந்த நோயாளிகளில் ஒருவர், வாயில் பஞ்சோடு, நடுவில் இருக்கிற கம்பிகள் பரவாயில்லை என்று சைகை காட்டினார்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. பல்லைக் கடிக்காம, வாயைக் கொஞ்சம் தொறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டா என்ன?"

வால்வுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அவருக்குத் தோன்றாத யோசனை. வாயைப் பிளந்துகொண்டு கேட்பது வேடிக்கை பார்க்கிறவர்கள் வேலை என்று சொல்ல வந்தவர், சொல்வதற்காக வாயைத் திறந்தார். தாடை அப்போதும் பெட்டி மேல்தான் இருந்தது. மச்சினர் அந்த ஒரு கணத்தை விடவில்லை, ஆறு கம்பிகளையும் சேர்த்து வாரினார்.

வால்வுக்காரர் வாயை மூடவில்லை. வெகுநேரம் மூடவில்லை. எலும்பில் ஒரு துளி அழுக்கில்லாமல் வந்து இறங்கியது சத்தம். பிறகு இடது கையைக்கூடப் பையிலிருந்து எடுத்து, சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.

சனிக்கிழமை மாலை நகர மண்டபத்தில் அவர் முதல் வரிசையில், மேடையின் விளிம்பை எட்டித் தொடும் இடத்தில் உட்கார்ந்தார். முதல் பாட்டு தொடங்கியதும் முன்னால் சரிந்து, மேடைப் பலகையில் தாடையை ஊன்றி, வாயைத் திறந்துகொண்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டி, அவருக்கு ஏதாவது உடம்புக்கா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, வேலையில இருக்காரு," என்றார் மனைவி.

ஆம்ப்ளிஃபயரின் உள் தகட்டில், தேதிக்கும் கையெழுத்துக்கும் கீழே, அவர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார்: வாய் திறந்த நிலையில் சோதிக்கப்பட்டது. மேஜை மேல் இருந்த கோடுகளை மட்டும் அவர் அழிக்கவில்லை. மனைவி ஒரு விரிப்பைப் போட்டு மூடிவிட்டு, ரம்பத்தைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.